பாரியில் இருப்பது யாருடைய எலும்பு? புனித நிக்கோலாஸ் பற்றி ஓர் இழை

பழுப்பேடு:

வீட்டுச் சண்டையில் ஆரம்பித்தது இது. "கிறிஸ்துமஸ் தாத்தாவின் கல்லறை துருக்கியில் கண்டுபிடிப்பு" என்று குடும்ப வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அதை என் ஆறு வயது மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்போ தாத்தா செத்துட்டாரா?" என்று ஒரே அழுகை. மனைவி, "அந்தச் செய்தியே தப்பு, அவர் எலும்பெல்லாம் இத்தாலியில் இருக்கிறது" என்றார். பிள்ளையைச் சமாதானப்படுத்த இது எவ்வளவு உதவியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

நிக்கோலாஸ் மீரா என்ற ஊரின் ஆயர். இன்றைய துருக்கியின் தென்கரை, அந்தக் காலத்து லிசியா நாடு. பிறந்தது பக்கத்துத் துறைமுகமான பதாராவில் என்பார்கள். காலம் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நான்காம் நூற்றாண்டின் முன்பகுதி வரை. இறந்த நாள் டிசம்பர் 6, ஆண்டு ஏறத்தாழ 343. மீராவுக்கு இப்போது பெயர் தெம்ரே. தக்காளி விளையும் ஊர். மலைப்பாறையைக் குடைந்து வீடு வீடாகச் செதுக்கிய பழைய கல்லறைகளின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள், அது இந்த ஊர்தான்.

அவரை அடக்கம் செய்த இடத்தில் கோவில் எழுந்தது. கல்லறையிலிருந்து ஒரு திரவம் கசிந்தது, யாத்திரிகர்கள் வாங்கிப் போனார்கள். எழுநூறு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. பிறகு 1087இல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் வந்து, கல்லறையை உடைத்து, எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று கப்பல், 62 பேர். மே 9ஆம் தேதி பாரியில் கரை இறங்கினார்கள். அந்த நாள் அங்கே இன்றும் பெருந்திருவிழா.

(பாரி என்றதும் எனக்கு முல்லைக்குத் தேர் கொடுத்தவர்தான் ஞாபகம் வருகிறார். கொடைக்குப் பேர்போன ஒரு புனிதர், பாரி என்கிற ஊரில் போய்ப் படுத்திருக்கிறார். உச்சரிப்பு வேறுதான், இருந்தாலும் எழுதும்போது சிரிப்பு வருகிறது.)

மாலுமிகள் அவசரத்தில் பெரிய எலும்புகளை மட்டும் அள்ளினார்கள். மிச்சம் மீதியை, முதல் சிலுவைப்போர் சமயத்தில், 1100 வாக்கில் வெனிஸ்காரர்கள் வந்து துடைத்து எடுத்துப் போனார்கள். அவை வெனிஸ் லீதோ தீவில் சான் நிக்கோலோ கோவிலில் உள்ளன. ஆக, இரண்டு ஊர்க்காரர்களும் "எங்களிடம் இருப்பதுதான் அசல்" என்று தொள்ளாயிரம் வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாகத் துருக்கிக்காரர்கள், "நீங்கள் இருவரும் எடுத்தது வேறு யாரையோ, எங்கள் ஆள் இன்னும் தரைக்கடியில்தான் இருக்கிறார்" என்கிறார்கள்.

யார் சொல்வது சரி?

சந்தேகப்பிராணி:

அதற்கு முந்தின கேள்வி: அப்படி ஓர் ஆள் இருந்தாரா? அவர் எழுதியதாக ஒரு வரி கிடையாது. கூட வாழ்ந்தவர்கள் எழுதியதும் இல்லை. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தில் கலந்துகொண்டு, இயேசு கடவுளுக்குச் சமமில்லை என்று போதித்த ஆரியுஸை அறைந்தார் என்று டிசம்பர் வந்தால் மீம் போடுகிறார்கள். அந்தச் சங்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அத்தனாசியுஸ் இவர் பெயரையே சொல்லவில்லை.

பழுப்பேடு:

அறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். அது மிகப் பின்னால், மத்திய காலத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்ட கதை. நிசேயாவில் இருந்தாரா என்பதே இழுபறி. கலந்துகொண்ட ஆயர்களின் பட்டியல் பல கைகளில் பல விதமாக நமக்கு வந்திருக்கிறது. சிலவற்றில் அவர் பெயர் உண்டு, பலவற்றில் இல்லை.

ஆனால் ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கான்ஸ்டான்டிநோபிளில் அவர் பெயரில் கோவில் கட்டியிருக்கிறார். அதே நூற்றாண்டில் "மூன்று தளபதிகள்" கதை புழக்கத்தில் இருந்ததற்கு எழுத்துச் சான்று உண்டு. எனக்கு அந்தக் கதைதான் மிகவும் பிடித்தது.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அனுப்பிய படை மீராவின் துறைமுகமான அந்திரியாக்கேயில் ஒதுங்குகிறது. சிப்பாய்கள் சந்தையில் புகுந்து அட்டகாசம் செய்கிறார்கள். ஆயர் ஊரிலிருந்து இறங்கி வந்து தளபதிகளைப் பிடித்து உலுக்குகிறார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து ஆள் ஓடி வருகிறது: ஆளுநர் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரு குற்றமும் செய்யாத மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்துவிட்டார். ஆயர் விசாரித்து விசாரித்து ஓடுகிறார். போய்ச் சேரும்போது அந்த மூவரும் முகத்தில் துணி கட்டி, கை பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி மண்டியிட்டிருக்கிறார்கள். தலையை வெட்ட வந்தவன் வாளை ஓங்கிவிட்டான். ஆயர் பாய்ந்து வாளைப் பிடுங்கித் தரையில் எறிகிறார். அப்புறம் நேரே ஆளுநர் மாளிகைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய், "எவ்வளவு வாங்கினாய்?" என்கிற தோரணையில் கேட்கிறார்.

பின்பகுதியில் அந்தத் தளபதிகளே பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குப் போகிறார்கள், ஆயர் பேரரசரின் கனவில் வந்து மிரட்டுகிறார். அது நம்புகிறவர்கள் பாடு. ஆனால் அந்தக் கதையில் வில்லனாக வரும் அப்லாபியுஸ் நிஜமாகவே கான்ஸ்டன்டைனின் உயர் அதிகாரி. வேறு சான்றுகளிலும் இருக்கிறார். கதை சொன்னவனுக்கு அந்தக் காலம் ஓரளவு தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

குழப்பம் இன்னொன்று உண்டு. அதே லிசியாவில் இரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு நிக்கோலாஸ் இருந்தார். சீயோன் மடத்து அதிபர், பிறகு பினாரா ஊருக்கு ஆயர், 564 டிசம்பர் 10இல் இறந்தவர். பெயர் ஒன்று, நாடு ஒன்று, பதவி ஒன்று, இறந்த மாதம்கூட ஒன்று. பின்னால் வந்தவர்கள் இவர் வாழ்க்கையை எடுத்து அவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். நிக்கோலாஸின் அப்பா எப்பிபானியுஸ், அம்மா நோன்னா என்று புத்தகங்களில் வருமே, அது இரண்டாமவரின் பெற்றோர் பெயர். எருசலேம் யாத்திரையும் அப்படி வந்ததுதான்.

மறைக்கல்வி டீச்சர்:

பழுப்பேடு தம்பி, மூன்று பெண்கள் கதையை விட்டுவிட்டீர்களே. நான் முப்பது வருடமாக ஞாயிறு வகுப்பில் சொல்வது அதுதான். நொடித்துப்போன ஒரு மனிதர், மூன்று பெண்கள், வரதட்சணை கொடுக்க வழியில்லை. கடைசியில் பெண்களைத் தவறான தொழிலுக்கு விட்டுவிடலாம் என்ற நிலைக்கு வருகிறார். (வகுப்பில் இதை "வேலைக்காரிகளாக விற்க" என்று மாற்றிச் சொல்வேன்.) நிக்கோலாஸ் அப்போது ஆயர்கூட இல்லை, சொத்துள்ள இளைஞர். இருட்டில் ஜன்னல் வழியாகப் பொன் முடிச்சை எறிகிறார். முதல் பெண்ணுக்குக் கல்யாணம். இரண்டாவது முடிச்சு, இரண்டாவது கல்யாணம். மூன்றாம் முறை அந்த அப்பா தூங்காமல் காத்திருந்து, துரத்திப் பிடித்துக் காலில் விழுகிறார். "உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே" என்கிறார் இவர்.

ஐரோப்பாவில் பழைய அடகுக்கடைகளுக்கு வெளியே மூன்று தங்கக் குண்டு தொங்கும். அது இந்த மூன்று முடிச்சுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அடகுக்கடைக்காரர்களுக்கும் இவர்தான் பாதுகாவலர்! வரதட்சணைக்கு நகையை அடகு வைத்த நம் வீட்டு ஆட்களுக்கு இது புரியும்.

இன்னொன்று. 1969இல் நாள்காட்டியைத் திருத்தியபோது வத்திக்கான் இவரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று வருடா வருடம் யாராவது கிளப்புவார்கள். நீக்கவில்லை. டிசம்பர் 6 விருப்ப நினைவு நாளாக ஆனது, அவ்வளவுதான்.

கடலோரன்:

நான் தூத்துக்குடி. சரக்குக் கப்பலில் இஞ்சின் பிரிவு. பாரிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், அதனால் உள்ளே வருகிறேன்.

முதலில் ஒரு கதை. என் பழைய கப்பலில் கேப்டன் கிரேக்கர். கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் நிக்கோலாஸ் படம் ஒன்று, அதன் கீழே ஒரு குட்டி விளக்கு. கிரேக்கக் கப்பல்களில் இது சகஜம், எங்கள் ஊரில் வள்ளத்தில் மாதா படம் வைப்பது மாதிரி. செகண்ட் இஞ்சினியர் ரஷ்யர். ஒரு மே மாதம் 22ஆம் தேதி அவர் சாப்பாட்டு மேஜையில் "இன்று நிக்கோலாஸ் திருவிழா" என்று எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். கேப்டன் சாக்லேட்டை வாங்கவில்லை. "எங்கள் வீட்டில் திருடன் புகுந்த நாளுக்கு நான் இனிப்பு சாப்பிடுவதா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை.

பிறகுதான் விவரம் தெரிந்தது. ரஷ்யர்களின் பழைய நாள்காட்டியில் மே 9 என்பது நம்முடைய மே 22. எலும்பு பாரிக்கு வந்த நாளை அவர்களும் கொண்டாடுகிறார்கள். கிரேக்கர்கள் கொண்டாடுவதில்லை, மீரா அன்று கிரேக்கம் பேசிய ஊர். இரண்டு பேரும் ஒரே ஆர்த்தடாக்ஸ் சபைதான்.

பாரி பசிலிக்கா துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம். வெளியே பார்த்தால் கோட்டை மாதிரி, வெள்ளைக் கல், அலங்காரம் குறைச்சல். படி இறங்கினால் நிலவறைக் கோவில். தாழ்ந்த கூரை, இரும்புக் கம்பிக்குள் பீடம், அதன் கீழேதான் கல்லறை. நான் போன அன்று கீழே முழுக்க முழுக்க ரஷ்யப் பேச்சு. தலையில் முக்காடு போட்ட பாட்டிமார் தரையில் நெற்றி வைத்து எழ முடியாமல் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தோலிக்கக் கோவில்தான், ஆனால் கீழே ஆர்த்தடாக்ஸ் குருக்கள் வழிபாடு நடத்த இடம் கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒரு பாட்டில் "மன்னா" வாங்கிவந்தேன், கல்லறையில் ஊறும் திரவத்துக்கு அங்கே அதுதான் பெயர். அது தனிக்கதை.

நாசரேத் ஜெபா:

நான் சிஎஸ்ஐ. சண்டைக்கு வரவில்லை, புரியாமல்தான் கேட்கிறேன். ஆயர் நல்லவர், வாளைப் பிடுங்கினார், ஏழைப் பெண்களுக்கு உதவினார், எல்லாம் சரி. அதற்காக அவர் எலும்பை எதற்குத் திருடவேண்டும்? திருடியதை "திருப்பண்ட (புனிதரின் எலும்பு போன்றவை) இடமாற்றம்" என்று பெயர் வைத்துத் திருவிழா கொண்டாடுவது இன்னும் விசித்திரம். கடலோரன் அண்ணனின் கேப்டன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

பழுப்பேடு:

ஜெபா, திருட்டு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

1071இல் இரண்டு காரியம் நடந்தது. கிழக்கே மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் பேரரசு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு, செல்ஜூக் துருக்கியரிடம் தோற்றது, மீரா இருக்கும் அனத்தோலியா கைநழுவத் தொடங்கியது. மேற்கே, அதே வருடம், பைசாந்தியரின் இத்தாலியத் தலைமையிடமாக இருந்த பாரியை நார்மன்கள் பிடித்தார்கள். தலைநகர் அந்தஸ்து போன ஊர் பாரி. யாத்திரிகர் வந்தால் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பெரிய புனிதரின் உடல் ஊரில் இருப்பது, இன்று ஊருக்குப் பன்னாட்டு விமான நிலையம் வருவது மாதிரி. வெனிஸில் ஏற்கெனவே புனித மாற்கு இருந்தார். அவரும் அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்தி வரப்பட்டவர்தான், 828இல்.

பாரி மாலுமிகள் தானியம் ஏற்றிக்கொண்டு அந்தியோக்கியாவுக்குப் போனவர்கள். வெனிஸ்காரர்களும் இதே திட்டத்தோடு இருக்கிறார்கள் என்று அங்கே காதில் விழுந்தது. முந்திக்கொண்டார்கள். சம்பவம் நடந்த கையோடு பாரியிலேயே இரண்டு பேர் எழுதிவைத்த விவரம் இருப்பதால் காட்சி காட்சியாகத் தெரிகிறது. மீராக் கோவிலில் காவலுக்கு இருந்தது ஒரு சில துறவிகள். முதலில் பக்தர்கள் மாதிரி உள்ளே போய், "எண்ணெய் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டு இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். துறவிகள் மறுத்ததும் ஆயுதம் வெளியே வந்தது. மத்தேயு என்ற இளைஞன் இரும்புக் கருவியால் பளிங்கை உடைத்து, இடுப்பளவு திரவத்துக்குள் உடுப்போடு இறங்கி, துழாவித் துழாவி எலும்புகளை எடுத்து மேலே கொடுத்தான். ஒரு குரு தன் மேலங்கியில் சுற்றிக்கொண்டார். ஊர்க்காரர்கள் அழுதுகொண்டே கரைக்கு ஓடி வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

அடுத்து வருவதுதான் வேடிக்கை. கொஞ்ச தூரம் போனதும் காற்று எதிராக அடித்து, கப்பல் நகர மறுக்கிறது. "நம்மில் யாரோ எலும்பை ஒளித்து வைத்திருக்கிறார்கள்" என்று சந்தேகம். நற்செய்தி நூலின்மேல் சத்தியம் செய்யச் சொன்னதும் சிலர் பையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். திருடனிடமே திருடியிருக்கிறார்கள்! கொடுத்த பிறகு நல்ல காற்று வந்ததாம்.

பாரியில் இறங்கியதும் பேராயர் தன் கோவிலுக்குக் கேட்டார், மாலுமிகள் தரமாட்டோம் என்றார்கள், தெருவில் அடிதடி, உயிர்ப்பலி. கடைசியில் எலியாஸ் என்ற மடாதிபதியிடம் ஒப்படைத்து, பைசாந்திய ஆளுநர் மாளிகை இருந்த இடத்தில் புதுக் கோவில் கட்டினார்கள். 1089இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் தாமே வந்து எலும்புகளை நிலவறையில் வைத்தார். ஆறு வருடம் கழித்து முதல் சிலுவைப்போருக்கு அறைகூவல் விட்டவரும் இவரே.

பாரிக்காரர்களின் வாதம் இதுதான்: புனிதருக்கு வர விருப்பம் இல்லையென்றால் அவரை அசைத்திருக்கவே முடியாது. வந்துவிட்டார், ஆகவே விரும்பினார். இந்தத் தர்க்கத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

மறைக்கல்வி டீச்சர்:

ஜெபா தம்பி, எலும்பு எதற்கு என்று கேட்டீர்கள். என் மாமியார் இறந்து பதினெட்டு வருடம். அவர் மூக்குக்கண்ணாடி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதை யாரும் கும்பிடுவதில்லை, ஆனால் தூக்கிப் போடவும் மாட்டேன். எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவுதான்.

எடுத்துப் போவதும் பிய்ப்பதும் நமக்குப் புதிதா? கோவாவில் இருக்கும் சவேரியாரின் வலது முன்கை ரோமில் இருக்கிறது. சாந்தோமில் தோமையாரின் கல்லறையை நாம் கும்பிடுகிறோம், அவர் எலும்புகளில் பெரும்பகுதி இத்தாலியில் ஒர்தோனாவில் இருப்பதாக அங்கே கும்பிடுகிறார்கள். ஒர்தோனாவும் பாரி மாதிரி அத்ரியக் கடலோரம்தான். அதையும் 1258இல் கியோஸ் தீவிலிருந்து மாலுமிகள்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் கடற்கரை மாலுமிகளுக்கு என்னதான் ஆசையோ!

வேதியியல் ராஜி:

மன்னாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், எலும்பிலிருந்து எண்ணெய் வடிகிறது என்றால் சும்மா இருக்க முடியவில்லை.

படித்துப் பார்த்ததில், பாரியில் வருவது எண்ணெயே இல்லை. நிறமற்ற, மணமற்ற, ஏறக்குறைய சுத்தமான தண்ணீர். கோவில் கடலோரம், கல்லறை நிலவறையில், மூடிய கல் அறை. ஈரக் காற்று குளிர்ந்த கல்லில் பட்டு வியர்க்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த சொம்பு வியர்ப்பது போலத்தான். வருடத்துக்கு ஒரு முறை, மே 9 மாலையில், பசிலிக்காவின் அதிபர் முழங்காலிட்டு, கல்லறையின் சிறு திறப்பு வழியாகக் கையை விட்டு எடுக்கிறார். கிடைப்பது கொஞ்சம்தான். அதைத் தீர்த்தத்தில் கலந்து பாட்டில்களில் அடைத்துக் கொடுக்கிறார்கள்.

கடலோரன் அண்ணே, உங்கள் பாட்டிலிலிருந்து ஐந்து மில்லி கிடைக்குமா? லேபில் போட்டுப் பார்க்க ஆசை.

கடலோரன்:

ராஜி டீச்சர், அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன். நம்பிக்கை வேண்டாம்.

சந்தேகப்பிராணி:

சரி, ஆள் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். எலும்புக்கு வாருங்கள். பாரி, வெனிஸ், இப்போது துருக்கி. மூன்றில் எது?

பழுப்பேடு:

இதைத்தான் நான் மாதக்கணக்கில் படித்தது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1953இல் நிலவறையைப் பழுதுபார்க்கும்போது, உர்பான் மூடியதிலிருந்து முதல் முறையாகக் கல்லறையை முறைப்படி திறந்து ஆராய்ந்தார்கள். பாரி பல்கலைக்கழகத்து உடற்கூறியல் பேராசிரியர் லூயிஜி மார்த்தினோவிடம் வேலையைக் கொடுத்தார்கள். எலும்புகள் நனைந்து, தொட்டால் உதிரும் நிலை. மண்டையோடு மட்டும் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அளந்தார், வரைந்தார், படமெடுத்தார். ஒரே மனிதனுடையவை, ஆண், எழுபதைத் தாண்டிய வயது, உயரம் சுமார் 167 செ.மீ., முதுகெலும்பிலும் இடுப்பிலும் கடுமையான மூட்டுவாதம். நம் தாத்தாக்களைப் போல ஒரு தாத்தா. 1957இல் மறுபடி மூடிவிட்டார்கள்.

அந்த அளவுகளை வைத்து 2004இல் இங்கிலாந்தில் கரோலின் வில்கின்சன் முகத்தைக் கணினியில் உருவாக்கினார். மூக்கு மோசமாக உடைந்து ஒரு பக்கம் சாய்ந்து ஆறியிருந்தது தெரியவந்தது. பேரரசர் தியோக்ளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் சிறையில் அடிபட்டது என்று சிலர் உடனே முடிவு கட்டினார்கள். மூக்கு எப்படி உடைந்தது என்று எலும்பு சொல்லாது. படிக்கட்டில் விழுந்தும் உடையும்.

இப்போது வெனிஸ். 1992இல் லீதோவிலும் பேழையைத் திறந்தார்கள். அழைத்தது யாரை? அதே மார்த்தினோவை, கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து. உள்ளே நிறைய சிறு துண்டுகள், துணுக்குகள். பாரியில் எவை இல்லையோ அவை இங்கே. இரண்டும் ஒரே எலும்புக்கூட்டின் பாகங்களாக இருக்கலாம் என்பதுதான் அவர் முடிவு. தொள்ளாயிரம் வருடம் "எங்களுடையதுதான் அசல்" என்று மல்லுக்கட்டிய இரண்டு ஊர்களும் ஒரே கிழவரைப் பங்கு போட்டிருக்கின்றன. மத்தேயு தண்ணீருக்குள் நின்று, கைக்கு அகப்பட்டதை எடுத்தான் என்று எழுதியிருக்கிறதே, அது அப்படியே பொருந்துகிறது. பெரியது அவன் கையில் வந்தது. அவன் காலில் மிதிபட்டு நொறுங்கியது வெனிஸுக்குப் போனது.

சந்தேகப்பிராணி:

அழகாகப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து தெரிவது இரண்டும் ஒரே ஆள் என்பது மட்டுமே. அந்த ஆள் நிக்கோலாஸ் என்று எந்த எலும்பில் எழுதியிருக்கிறது? 1087இல் துறவிகள் கைகாட்டிய இடத்தை உடைத்தார்கள். அந்தத் துறவிகளுக்கு எழுநூறு வருடத்து வாய்மொழிதான் ஆதாரம். துறவிகள் ஏமாற்றி வேறு கல்லறையைக் காட்டியிருந்தால்?

பழுப்பேடு:

அதே கேள்விதான் எனக்கும். ஒரு படி முன்னால் போக உதவுவது 2017 ஆக்ஸ்ஃபோர்டு சோதனை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு குரு திருப்பண்டங்கள் சேகரிப்பவர். அவரிடம் பிரான்சின் லியோனிலிருந்து வந்த இடுப்பெலும்புத் துண்டு ஒன்று, நிக்கோலாஸ் பெயரில். கதிரியக்கக் கார்பன் முறையில் பார்த்தார்கள். நான்காம் நூற்றாண்டு என்று வந்தது. பல திருப்பண்டங்கள் இந்தச் சோதனையில் பிந்திய காலத்தவை என்று தெரிந்து தோற்றுவிடும், இது தோற்கவில்லை. மேலும் அது இடப்பக்க இடுப்பின் முன்பகுதி. பாரியில் இடப்பக்க இடுப்பின் மேல்பகுதி மட்டுமே உண்டு. சத்தியம் செய்தும் பையைத் திறக்காத மாலுமி ஒருவன் இருந்திருப்பானோ என்று எனக்கு ஓர் ஆசை.

ஆனால் தேதி பார்த்தது அமெரிக்கத் துண்டை, பாரி எலும்பை அல்ல. நான்காம் நூற்றாண்டில் செத்தவர்களும் லட்சக்கணக்கில் உண்டு. ஆகவே "பொய் என்று நிரூபணமாகவில்லை" என்ற இடத்தில்தான் நிற்கிறோம்.

நாசரேத் ஜெபா:

அப்போ துருக்கிச் செய்தி?

பழுப்பேடு:

அது இரண்டு செய்தி, வாட்ஸப்பில் ஒன்றாக்கிவிட்டார்கள். 2017இல் கோவில் தரைக்கடியில் சேதமாகாத அறை ஒன்று இருப்பதாகக் கருவிகள் காட்டுகின்றன, கல்லறை அங்கே இருக்கலாம் என்று அந்த ஊர் அதிகாரி ஒருவர் சொன்னார். 2024 டிசம்பரில் கோவிலை ஒட்டிய கட்டடத்தில் சுண்ணாம்புக் கல்லால் ஆன கல்பேழை ஒன்று தோண்டும்போது கிடைத்தது. நிக்கோலாஸ் பெயர் பொறித்ததாகச் செய்தி இல்லை. புனிதர் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று ஆசைப்பட்ட பணக்காரர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அப்படிப்பட்ட கோவிலில் பழைய கல்பேழை கிடைப்பது அதிசயம் இல்லை. அந்தக் கோவிலே ஆற்று வண்டலில் பல மீட்டர் புதைந்து கிடந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் முயற்சி எடுத்து மீட்டார்கள். இன்னும் என்னென்ன கிடைக்குமோ.

தெம்ரே ஊரில் ரஷ்யர்கள் 2000 வாக்கில் ஆயர் உடையில் ஒரு வெண்கலச் சிலை கொடுத்தார்கள். 2005இல் நகராட்சி அதை ஓரங்கட்டிவிட்டு, சிவப்பு அங்கி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவை நடுவில் நிறுத்தியது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அவரைத்தான் தெரியும் என்று காரணம்.

மறைக்கல்வி டீச்சர்:

சிவப்பு அங்கிக்கும் ஆயருக்கும் நடுவில் நெதர்லாந்து இருக்கிறது. அங்கே டிசம்பர் 5 இரவு சின்டர்கிளாஸ் வருவார், தலையில் ஆயர் தொப்பி, கையில் செங்கோல். அந்தப் பெயர் அமெரிக்கா போய் சான்டா கிளாஸ் ஆனது. தொப்பி போய்க் குல்லா வந்தது. தம்பி, மகளிடம் இதைச் சொல்லுங்கள், அழ மாட்டாள்.

கடலோரன்:

கேப்டன் கதையில் ஒரு வால் பாக்கி. 2017இல் பாரியிலிருந்து ஒரு விலா எலும்பை இரண்டு மாதத்துக்கு ரஷ்யாவுக்குக் கொடுத்தார்கள். 930 வருடத்தில் அது பாரியை விட்டு வெளியே போனது அதுவே முதல் முறை. மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் இருபது லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்களாம். செகண்ட் இஞ்சினியரின் அம்மா அதில் ஒருவர். ஒரு நாள் முழுக்க நின்று, முத்தமிடக் கிடைத்தது ஒரு நொடி. அந்த வீடியோவை கேப்டனிடம் காட்டினார். கேப்டன் முழுவதும் பார்த்தார், கையால் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "பாரிக்காரன் வாடகை வாங்கினானா?" என்று கேட்டார்.

ராஜி டீச்சர், அம்மாவிடம் கேட்டேன். பாட்டில் சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அப்பாவின் முழங்காலுக்குத் தினமும் தடவுகிறார். வாங்கிவந்து மூன்று வருடம் ஆகிறது, சின்ன பாட்டில்தான், ஆனால் கழுத்துவரை நிறைய இருந்தது. எப்படி என்று கேட்டேன். குறையக் குறைய எங்கள் கோவில் தீர்த்தத்தை ஊற்றி நிரப்பிக்கொள்கிறாராம். "அம்மா, அப்படிச் செய்யலாமா?" என்றேன்.

"ஏன், அவுகளும் அங்க கலந்துதான குடுக்காக?" என்றார்.

லேபுக்கு ஐந்து மில்லி தருவதற்கு ஆட்சேபணை இல்லையாம். ஆனால் தூத்துக்குடித் தண்ணீர் என்று வந்தால் அவரைக் குறை சொல்லக்கூடாது.